அடையாற்றின் வாயை மூடுவது எது?

கோடையில் பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து வடக்கே நடந்து, ஊரூர் ஒல்காட் குப்பத்தைத் தாண்டி, உடைந்த பாலத்தின் பக்கம் போய் நின்றால் ஒரு விநோதத்தைப் பார்க்கலாம். ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடி வந்த அடையாறு, கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வந்து தேங்கி நிற்கும். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்மேடு படுத்திருக்கும். அதன் ஒரு பக்கம் அசையாத கறுத்த நீர், மறுபக்கம் ஓயாத அலை. ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டிய பிறகு அங்கே போனால் மேடு இருந்த இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு கடலில் பாயும். அடுத்த கோடையில் மறுபடியும் மணல் வந்து வாயை அடைக்கப் பார்க்கும். பொக்லைன் இயந்திரங்களைக் கொண்டு வெட்டித் திறக்கிறார்கள். கடல் திரும்பவும் மூடுகிறது.

இவ்வளவு மணலை அங்கே கொண்டுவந்து போடுவது யார்? ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் இதைக் கேட்டபோது, அவள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி அறிவித்திருந்தார்கள். வீட்டில் யாருக்கும் சரியான விடை தெரியவில்லை. அதனாலேயே இதை எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன்.

பள்ளிக் கண்காட்சிகளுக்குப் போய்ப் பழகிய பெற்றோர்களுக்கு அங்கே என்னென்ன இருக்கும் என்று தெரியும். சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றிப் பொங்கவைக்கும் எரிமலை, தெர்மகோலில் மழைநீர் சேகரிப்பு, அட்டையில் காற்றாலை, பல்பு எரியும் நீர்மின் நிலையம். பிள்ளைகள் மனப்பாடம் செய்ததைக் கணீரென்று சொல்வார்கள். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. இரவெல்லாம் கண்விழித்து ஒட்டிக்கொடுக்கும் அம்மா அப்பாக்களின் அக்கறையையும் அறிவேன். ஆனால் அந்த மேசைகளில் இருப்பவை பெரும்பாலும் விடை தெரிந்த கேள்விகள். விடை தெரியாமல் தவிப்பது, ஒரு யூகம் செய்வது, அது சரியா என்று சோதிப்பது, சரியில்லை என்றால் விட்டுவிடுவது என்று அறிவியலில் நடக்கும் அசல் வேலை கண்காட்சிக்கு வருவதே இல்லை. அடையாற்றின் முகத்துவாரத்தில் அதற்கு வழி இருந்தது.

முதல் யூகம் எல்லோருக்கும் தோன்றுவதுதான்: ஆறு மண்ணை அடித்துக்கொண்டு வருகிறது, கடலருகே வேகம் குறைந்ததும் கீழே போட்டுவிடுகிறது. கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஒரு யூகத்தைச் சோதிக்க, 'இது உண்மையானால் வேறு என்ன நடந்திருக்க வேண்டும்?' என்று கேட்க வேண்டும். ஆற்று மண்தான் வாயை அடைக்கிறது என்றால், வெள்ளம் புரண்டு அதிக மண் வரும் மழைக்காலத்தில்தான் முகத்துவாரம் அடைபட வேண்டும். நடப்பதோ நேர்மாறு. ஆறு ஏறக்குறைய ஓடாமல் நிற்கும் கோடையில்தான் அடைபடுகிறது. காலமே இந்த யூகத்துக்கு எதிராக நிற்கிறது.

இன்னொரு சாட்சியை மணலிடமே கேட்கலாம். ஆற்றோரச் சேற்றில் ஒரு பிடி, மணல்மேட்டில் ஒரு பிடி, குப்பத்துக் கடற்கரையில் ஒரு பிடி என்று எடுத்து, தனித்தனிக் கண்ணாடி பாட்டில்களில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைத்தோம். கடற்கரை மணல் உடனே அடியில் இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்துவிட்டது. மேட்டு மணலும் அப்படியே. ஆற்றுச் சேறு மட்டும் வெகுநேரம் கலங்கலாகவே இருந்தது. நுண்ணிய துகள்கள் மெதுவாகத்தான் படியும். பரும்படியான மணி சட்டென்று இறங்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தாலும் மேட்டு மணலும் கடற்கரை மணலும் ஒரே மாதிரி உருண்டு, பளபளப்பாக இருந்தன. இரண்டிலும் காந்தத்தை ஓட்டினால் கறுப்பு மணிகள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தன. மேட்டின் மணல் கடற்கரை மணலின் உடன்பிறப்பு. அது கடல் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும்.

எந்தப் பக்கமிருந்து? இதைக் கேட்பதற்கு அங்கேயே ஆள் இருந்தார்கள். மணலில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் மகள் போய், "தாத்தா, இந்த மண்ணு எங்கேர்ந்து வருது?" என்றாள். அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "இப்ப தெண்டி வெள்ளம் பாப்பா. மண்ணு வடக்கால போவும். மழை மாசத்துல வன்னி எறங்குச்சின்னா திரும்பத் தெக்கால வரும். ஆனா போறதுதான் ஜாஸ்தி, வர்றது கம்மி."

சென்னை மீனவர்கள் கடல் நீரோட்டத்தை 'வெள்ளம்' என்பார்கள். தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி. வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வன்னி. வலை போடும் இடமும் நேரமும் இவற்றைப் பொறுத்தவை என்பதால், இதை அறியாமல் பிழைப்பு நடத்த முடியாது. இதே குப்பத்து மீனவர் பாளையம், சூழலியல் எழுத்தாளர் நித்தியானந்த் ஜெயராமனோடு சேர்ந்து, காற்று, நீரோட்டம், அலை பற்றிய இந்த அறிவை எழுத்தாகவும் பேச்சாகவும் வெளியுலகுக்குக் கொண்டுவந்திருக்கிறார். பெரியவர் நான்கு வாக்கியத்தில் சொன்னது, கடல்சார் பொறியாளர்கள் நம் கிழக்குக் கரையைப் பற்றிச் சொல்லும் முடிவேதான்: மணல் இரண்டு திசையிலும் போய்வருகிறது, ஆண்டுக் கணக்கில் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவது மிஞ்சுகிறது.

இப்போது அடுத்த புதிர். அலைகள் கடலிலிருந்து கரையை நோக்கி, அதாவது கிழக்கிலிருந்து மேற்காக வருகின்றன. மணலோ தெற்கிலிருந்து வடக்காக, கரையை ஒட்டி நகர்கிறது. ஒரு திசையில் வரும் அலை இன்னொரு திசையில் மணலை எப்படி நகர்த்தும்?

கரையில் நின்று கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் விடை கண்ணில் படும். அலை நேராக வருவதில்லை. சற்றே சாய்ந்து வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் காற்று கடலைத் தெற்குப் பக்கமிருந்து தள்ளுகிறது. அது போக, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயல்கள் எழுப்பிய நெடிய அலைகள் பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து வங்காள விரிகுடாவுக்குள் வந்து சேர்கின்றன. உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் கடல் பொங்குவதைக் கேரள மீனவர்கள் கள்ளக்கடல் என்பார்கள்; அதற்குக் காரணமும் இதே தொலைதூர அலைகள்தான். கரையை நெருங்கும்போது, ஆழம் குறைந்த பகுதியை முதலில் தொடும் முனை வேகம் குறைய, மறுமுனை எட்டிப்பிடிக்க, அலை கரைக்கு இணையாகத் திரும்பிவிடப் பார்க்கிறது. ஆனால் முழுவதும் திரும்புவதற்குள் உடைந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் அந்தச் சிறு சாய்வு போதும்.

உடைந்த அலை, மணலைக் கிளறி எடுத்துக்கொண்டு கரைமேல் சாய்வாக ஏறுகிறது. திரும்பும்போது அது வந்த வழியே போவதில்லை. புவியீர்ப்பு இழுக்கிறபடி சரிவில் நேராக இறங்குகிறது. ஏறும்போது சாய்வு, இறங்கும்போது நேர். முறத்தைக் கொஞ்சம் ஒருக்களித்துப் பிடித்து அரிசி புடைத்தால், ஒவ்வொரு புடைப்புக்கும் மேலே எழும்பி விழும் அரிசி சிறிது சிறிதாக ஒரு மூலைக்கு ஒதுங்குமே, அப்படித்தான் மணலும் ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் வடக்கே தள்ளி விழுகிறது. ஒரு அலையில் நகர்வது கையளவோ காலளவோ இருக்கலாம். அலைகளோ சில விநாடிக்கு ஒன்றாக, இரவு பகல் பாராமல் வந்துகொண்டே இருக்கின்றன. இதோடு, அலை உடையும் பட்டையில் தண்ணீரே கரையை ஒட்டி ஒரு சிற்றாறு போல ஓடத் தொடங்கி, கலங்கிய மணலைச் சுமந்து செல்கிறது. இரண்டையும் சேர்த்துக் கரையோர மணலோட்டம் என்று சொல்லலாம். கடற்கரை என்று நாம் நினைக்கும் மணல், நின்ற இடத்தில் நிற்கும் மணல் இல்லை. தெற்கே பாலாறு போன்ற ஆறுகள் பல காலமாகக் கடலில் சேர்த்து, இப்போது நம் ஊர் வழியாகப் போய்க்கொண்டிருக்கும் மணல்.

கண்காட்சிக்கு இதை எப்படிக் காட்டுவது? மாடியில் கிடந்த நீளமான பிளாஸ்டிக் டப்பில் ஒரு பக்கம் மணலைச் சரிவாகக் கொட்டினோம். பாதி தண்ணீர். சப்பாத்திப் பலகையைச் சாய்வாகப் பிடித்து மெல்ல ஆட்டினால் அலை சாய்ந்து போகும். மணல் நகர்வதை மணலுக்குள் எப்படிக் கண்டுபிடிப்பது? மகளே ஒரு வழி சொன்னாள். செங்கல்லை இடித்து, சலித்து, ஏறக்குறைய மணல் பருமனுள்ள சிவப்புத் துகள்களை மட்டும் எடுத்து, கரைக்கு நடுவில் ஒரு கோடாகப் போட்டாள். அலை அடிக்க அடிக்கச் சிவப்புக் கோடு கலைந்து ஒரே பக்கமாக இழுபட்டது. பலகையை மறுபக்கம் சாய்த்தால் மறுபக்கம் போனது. அது அவள் கண்டுபிடித்த முறை. கடல் ஆய்வாளர்களும் இதைத்தான் செய்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டாள். ஒளிரும் சாயம் ஏற்றிய மணலைக் கரையில் ஓரிடத்தில் தூவிவிட்டு, பிறகு அக்கம்பக்கத்தில் மணல் அள்ளி, புறஊதா ஒளியில் வைத்துச் சாயமேறிய மணிகளை எண்ணுவார்கள்.

கடலிலும் பார்க்க வேண்டும் என்றாள். எலுமிச்சம்பழம் தண்ணீரில் பெரும்பகுதி மூழ்கியே மிதக்கும் என்பதால் காற்று அதை அதிகம் தள்ளாது, நீரோட்டத்தோடுதான் போகும். அலை உடையும் இடத்துக்கு நான் பழத்தை வீச, அவள் கரையில் அதனோடு நடந்து கயிற்றால் தூரம் அளந்தாள். ஆகஸ்ட் மாதம். பழங்கள் வடக்கே, முகத்துவாரத்தை நோக்கிப் போயின. இதைச் செய்ய நினைக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். பெசன்ட் நகரின் இதே எலியட்ஸ் கடற்கரையில் நிற்கும் வெள்ளை நினைவுச் சின்னம், 1930-இல் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட ஷ்மிட்டுக்காக எழுப்பியது. இந்தக் கடலின் இழுப்பு அன்றும் இன்றும் ஒன்றுதான்.

பிறகு டப்பில் கரையிலிருந்து தண்ணீருக்குள் நீளும்படி அரைச் செங்கல் ஒன்றை வைத்தோம். சிறிது நேரத்தில் அலை வரும் பக்கம் செங்கல்லை ஒட்டி மணல் சேர்ந்து மேடானது. மறுபக்கம் கரை உள்வாங்கிக் குடைபட்டது. மணலோட்டத்தை மறித்தால் ஒரு பக்கம் சேரும், மறுபக்கம் பட்டினி கிடக்கும்.

டப்பில் நடந்தது கடலிலும் நடக்குமா? இந்தக் கேள்விக்குச் சென்னையைப் போல விடை வைத்திருக்கும் ஊர்கள் குறைவு. இந்தச் சோதனையை இந்த ஊர் 140 ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துகொண்டிருக்கிறது.

1870-களின் நடுவில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர்கள் கட்டத் தொடங்கினார்கள். அதுவரை இங்கே கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிப் போய் ஆளையும் சரக்கையும் கரைசேர்த்தன. சுவர் எழுந்ததும் வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அதன் தெற்குப் பக்கத்தில் தடைபட்டுத் தங்கியது. அங்கே கரை அகன்றது. அகன்ற கரையை ஒட்டி 1884-இல் ஆளுநர் கிராண்ட் டஃப் உலாவும் பாதை அமைத்து, அதற்கு மெரினா என்று பெயர் வைத்தார். சராசரியாக ஏறக்குறைய 300 மீட்டர் அகலமுள்ள இன்றைய மெரினா மணலில் பெரும்பகுதி, துறைமுகச் சுவர் பிடித்து வைத்த மணல்.

இதற்கு நேரில் பார்க்கக்கூடிய சாட்சி திருவல்லிக்கேணியில் நிற்கிறது. இன்று விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படும் ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டியது. வெயிலில் உருகும் சரக்கைக் கரையிலிருந்து தூரத்தில் கொண்டுபோய் வைக்க எந்த வியாபாரியும் கிடங்கு கட்டமாட்டார். கடல் அன்று அந்தக் கட்டடத்துக்கு அவ்வளவு அருகில் இருந்தது. இப்போது அதன் வாசலில் நின்றால் காமராஜர் சாலையும் அதற்கப்பால் பரந்த மணல்வெளியும் கடந்துதான் அலையைத் தொடலாம்.

வடக்குப் பக்கம்? டப்பில் குடைபட்ட பக்கம்தான் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர். வரவேண்டிய மணல் வராததால் அங்கே கடல் கரையைத் தின்றது; வீடுகளும் சாலைகளும் போயின. இன்று அந்தக் கரை நெடுக பாறாங்கற்கள் கொட்டியிருக்கிறார்கள். துறைமுகமும் தப்பவில்லை: கிழக்கு பார்த்திருந்த அதன் வாயிலில் மணல் சேர்ந்து தொல்லை கொடுக்க, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் ஸ்ப்ரிங் பொறுப்பிலிருந்தபோது அதை மூடிவிட்டு வடகிழக்கில் புதிய வாயில் அமைத்தார்கள்.

மகள் தன் அட்டையில் இரண்டு படங்களை அருகருகே ஒட்டினாள்: டப்பை மேலிருந்து எடுத்த படம், துறைமுகத்தின் செயற்கைக்கோள் படம். வலப்பக்கத்தில் 'எங்கள் டப் சொல்லாதவை' என்று ஒரு தலைப்பு. அந்தப் பகுதியை எழுதத்தான் அவளுக்கு அதிக நேரம் பிடித்தது. டப்பில் அலையின் உயரம் ஒரு விரல். மணல் மட்டும் கடற்கரையில் இருந்த அதே பருமன். அலையைச் சுருக்கிய அளவுக்கு மணலையும் சுருக்கினால் அது மணலாகவே இருக்காது, சேறாகி ஒட்டிக்கொள்ளும். டப்பின் சுவரில் அலை மோதித் திரும்புகிறது. கடலில் அப்படிச் சுவர் கிடையாது. ஆகவே மணல் எந்தத் திசையில் போகும், எங்கே சேரும் என்று டப் சொல்லும். எவ்வளவு, எத்தனை நாளில் என்று சொல்லாது. புனேயில் 1916 முதல் இயங்கும் மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையத்தில் துறைமுகங்களின் பெரிய மாதிரிகளை அமைத்து அலை எழுப்பிப் பார்க்கும் பொறியாளர்களுக்கும் இந்த அளவுச் சிக்கல் உண்டு.

நடுவராக வந்த ஆசிரியர் ஒருவர் அந்தத் தலைப்பைப் பார்த்து, "அப்படின்னா உன் மாடல் தப்பாம்மா?" என்று கேட்டார். "தப்பில்ல சார், எதுவரைக்கும் நம்பலாம்னு எழுதியிருக்கேன்" என்றாள். எனக்கு அன்றைக்கு இது போதுமானதாக இருந்தது. எந்தப் பள்ளிக் கண்காட்சியிலும் மதிப்பெண் கொடுக்க வேண்டிய முதல் இடம் இது என்று நினைக்கிறேன்.

முகத்துவாரத்துக்குத் திரும்புவோம். மணலோட்டம் ஆண்டு முழுவதும் இருக்கிறது. வாய் ஏன் கோடையில் மட்டும் மூடுகிறது? மூடப் பார்ப்பது மணல். திறந்து வைக்கப் பார்ப்பவை இரண்டு: ஆற்றின் ஓட்டம், கடலின் ஏற்றவற்றம். வெள்ளக் காலத்தில் ஆறு ஜெயிக்கிறது. 2015 டிசம்பர் முதல் நாள் அடையாறு எப்படிப் பாய்ந்தது என்று இந்த ஊருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. கோடையில் ஆறு ஓய்ந்ததும் ஏற்றவற்றம் ஒன்றே மிச்சம். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் கடல் 10 மீட்டர் வரை ஏறி இறங்கும். அங்கே அந்தப் பாய்ச்சலே ஆற்றுவாயைக் கழுவி வைத்துவிடும். சென்னையில் அது ஒரு மீட்டரைச் சுற்றித்தான். உள்ளே போய் வெளியே வரும் தண்ணீர் குறைவு. அதன் வேகமும் குறைவு. மணல் ஜெயிக்கிறது. கழிமுகத்தின் சதுப்பு நிலத்தைத் தூர்க்கத் தூர்க்க, உள்ளே போகும் ஓதநீர் இன்னும் குறையும், வாய் இன்னும் எளிதாக அடைபடும். வாய் அடைபட்டால் கழிவுநீர் தேங்கும், இறாலும் மீன்குஞ்சும் உள்ளே வரமுடியாது, கழிமுகத்தில் வலைவீசிப் பிழைப்பவர்களுக்குப் பாடு இல்லாமல் போகும்.

மணலோட்டத்தை மறந்து கட்டியதன் விளைவைப் பார்க்கச் சென்னையோடு நிற்க வேண்டாம். 1980-களின் இறுதியில் புதுச்சேரியில் துறைமுகச் சுவர் எழுந்த பிறகு, அதற்கு வடக்கே நகரின் கடற்கரை மணல் மறைந்து பாறைக் குவியலானது. பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் கடலடியில் தடுப்பு ஒன்றை இறக்கி, சில ஆண்டுகளுக்கு முன் அதில் ஒரு பகுதியை மீட்டது. கடலரிப்பால் தவிக்கும் ஊர்கள் தூண்டில் வளைவு கேட்டுப் போராடுவதை நாளிதழ்களில் படிக்கிறோம். கேட்பவர்களின் துயரம் உண்மையானது. ஆனால் கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவரான தூண்டில் வளைவும் அந்த அரைச் செங்கல்தான். ஓர் ஊருக்கு மணலைப் பிடித்துக் கொடுத்து, வடக்கேயுள்ள அடுத்த ஊரின் மணலைக் குறைத்துவிடும். தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, இந்தியாவின் பெருநிலக் கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகியிருக்கிறது என்று கண்டது.

தங்கள் ஊரின் இத்தகைய கேள்விகளைப் பிள்ளைகள் ஆராய ஏற்கனவே ஒரு மேடை இருக்கிறது. தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடக்கிறது. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து உள்ளூர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, தரவு திரட்டி, அறிக்கை தர வேண்டும். தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இதை முன்னின்று நடத்திவந்திருக்கிறது. அந்த மேடையில் ஏறக்கூடிய பிள்ளைகள் இந்த முகத்துவாரத்தின் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஊரூர் ஒல்காட் குப்பத்தின் பெயரில் வாழும் ஹென்றி ஒல்காட், ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக 1894-இல் தொடங்கிய இலவசப் பள்ளி பெசன்ட் நகரில் இன்றும் நடக்கிறது. கடலை அறிந்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் இந்தப் பகுதியில் பள்ளிக்குப் போகிறார்கள். தெண்டியும் வன்னியும் அவர்கள் வீட்டுச் சொற்கள். அவை அறிவியல் வகுப்பறைக்குள் மதிப்போடு நுழைய வேண்டும். மீனவப் பெரியவர்களை நடுவர்களாகவும் வழிகாட்டிகளாகவும் பள்ளிகள் அழைக்க வேண்டும்.

அடுத்த கண்காட்சி அறிவிப்பு வரும்போது, ஆசிரியர்களும் பெற்றோர்களும் மாடல் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் பிள்ளையோடு அருகிலுள்ள ஆற்றுக்கோ ஏரிக்கோ கடற்கரைக்கோ ஒருமுறை போய்வாருங்கள். ஒரே இடத்தில் நின்று மாதத்துக்கு ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். தேதியையும் காற்று வீசும் திசையையும் எழுதிவைக்கச் சொல்லுங்கள். அங்கே வேலை செய்பவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். ஓராண்டுக்கு எடுத்த பன்னிரண்டு படங்கள் இருந்தால் அடையாற்று முகத்துவாரத்தைப் பற்றி ஓர் ஆய்வையே தொடங்கிவிடலாம்.